ஒரே கிரியை, வெவ்வேறு பதில்: அந்த ஒன்பது பேரைச் சரியாகத்தான் படிக்கிறோமா?

கரையோரம் எழுதியது:

பைபிளில் லூக்கா 17-ல் வரும், இயேசு சுகமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டாயிற்று. எல்லாம் கடைசியில் ஒரே இடத்தில் போய் நிற்கும். ஒருவன் நன்றி சொல்லத் திரும்பி வந்தான், ஒன்பது பேர் நன்றி கெட்டவர்கள். அப்புறம் பிரசங்கியார் நம் பக்கம் விரலை நீட்டுவார்.

எனக்கு ஒரு கேள்வி. இயேசு அந்தப் பத்துப் பேருக்கும் சொன்னது என்ன? போய் ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள் என்பதுதானே? லேவியராகமம் 14-ஐப் படித்தால் அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். ஆசாரியன் வெளியே வந்து பார்க்க வேண்டும், சுத்தமானவன் என்று சொல்ல வேண்டும், பலி உண்டு, முழுக்கு உண்டு, ஏழு நாள் தன் கூடாரத்துக்கு வெளியிலேயே தங்க வேண்டும். அதெல்லாம் முடிந்தால்தான் பெண்டாட்டி பிள்ளை முகத்தைப் பார்க்க முடியும். அந்த ஒன்பது பேரும் சொன்னபடிதான் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒரே வார்த்தை, ஒரே சுகம், ஒரே வழி. ஆனால் நடுவழியில் ஒருவன் மட்டும் திரும்புகிறான். தேவன் செய்தது எல்லோருக்கும் ஒன்றாக இருக்க, மனிதரின் பதில் மட்டும் ஏன் இப்படிப் பிரிகிறது? 'நன்றியில்லாத மனசு' என்பதைத் தாண்டி யாராவது யோசித்திருக்கிறீர்களா?

---

மெழுகுவர்த்தி எழுதியது:

சகோதரரே, ஒன்பது பேருக்கு வக்கீலாக நிற்பது நல்ல மனசுதான். ஆனால் 'மற்ற ஒன்பதுபேர் எங்கே?' என்று கேட்டது பிரசங்கியார் இல்லை, இயேசுவே கேட்டார். அதைச் சுற்றிப்போக முடியாது.

விதைக்கிறவன் உவமையில் (மத்தேயு 13) இதற்குப் பதில் இருக்கிறது என்பது என் எண்ணம். விதை ஒன்றுதான். வழியோரம், கற்பாறை, முள், நல்ல நிலம் என்று விழுந்த இடம்தான் வேறு. அதில் ஒன்றைக் கவனியுங்கள். மிகச் சீக்கிரம் முளைப்பது கற்பாறை இடத்தில்தான். உடனே சந்தோஷத்தோடு ஏற்றுக்கொள்கிறவன் என்று இயேசுவே விளக்கம் சொல்கிறார். மண் ஆழமில்லாததால்தான் அந்த வேகம். ஆகையால் சத்தமாக அல்லேலூயா சொல்கிறவரைப் பார்த்து இவர்தான் நல்ல நிலம் என்று முடிவு கட்டிவிட முடியாது. உங்கள் கட்சிக்கும் இதில் கொஞ்சம் பலம் இருக்கிறது!

---

கரையோரம் எழுதியது:

உண்மை, அந்த வேகத்தை நான் கவனித்ததில்லை. ஆனால் உவமை நிலம் வேறு வேறு என்று சொல்கிறதே ஒழிய, ஏன் வேறானது என்று சொல்லவில்லையே. கற்பாறை தானாகவா கற்பாறை ஆயிற்று?

---

பழஞ்சுவடி எழுதியது:

நான் சைவன். அழைப்பில்லாமல் நுழைவதற்கு மன்னிக்கவும். இதே கேள்விக்கு எங்கள் பக்கம் ஒரு கதை உண்டு. இத்தனை தெளிவாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

காரைக்கால் அம்மையாரின் மாங்கனிக் கதை எல்லோருக்கும் தெரியும். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார். கணவன் பரமதத்தன் அனுப்பிய இரண்டு கனிகளில் ஒன்றைப் புனிதவதி (அம்மையாரின் இயற்பெயர்) சிவனடியாருக்குப் படைத்துவிடுகிறார். சாப்பிட வந்த கணவன் ஒன்றை உண்டு, இன்னொன்றும் கேட்கிறான். அவர் இறைவனை நினைக்கிறார், கையில் கனி வருகிறது. அதன் சுவை வேறாக இருக்கவே இது எப்படி வந்தது என்று அவன் கேட்கிறான். அவர் நடந்ததைச் சொல்கிறார். அப்படியானால் இன்னொன்று வரவழை பார்ப்போம் என்கிறான். அதுவும் வருகிறது. வாங்கியதும் மறைந்துபோகிறது.

நாம் எல்லோரும் இந்தக் கதையில் அம்மையாரைத்தான் பார்க்கிறோம். ஒருமுறை பரமதத்தனைப் பாருங்கள். அவன் நம்பாதவன் இல்லை. முழுக்க நம்பிவிட்டான், சிக்கலே அங்கேதான். இவள் மானிடப் பெண்ணல்ல என்று அஞ்சுகிறான். வணிகம் என்று சொல்லிக் கப்பலேறிப் போகிறான், பாண்டிநாட்டில் வேறு திருமணம் செய்துகொள்கிறான், பிறந்த பெண்ணுக்குப் 'புனிதவதி' என்றே பெயர் வைக்கிறான். பின்னாளில் சுற்றத்தார் அம்மையாரை அழைத்துக்கொண்டு வந்தபோது மனைவி மகளோடு அவர் காலில் விழுகிறான்.

ஒரே வீடு, ஒரே கனி. ஒருவருக்குப் பக்தி, ஒருவருக்கு அச்சம். அவன் கெட்டவன் என்று சேக்கிழார் எங்கும் திட்டவில்லை. சாதாரணக் குடும்பம் நடத்த வந்தவன் அவன். அப்படிப்பட்டவன் வீட்டுக்குள் தெய்வம் வந்து நின்றால் என்ன செய்வான்? பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு தூரமாய்ப் போய் வணங்கினான். பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழ முடியவில்லை. நம்மில் பலர் பரமதத்தர்கள்தான் என்பது என் துணிபு.

---

மெழுகுவர்த்தி எழுதியது:

ஐயா, அருமை. மன்னிப்பெல்லாம் எதற்கு, அடிக்கடி வாருங்கள்.

நீங்கள் சொன்னதும் மாற்கு 5 நினைவுக்கு வந்தது. கல்லறைகளில் கத்திக்கொண்டு திரிந்த மனிதன் புத்தி தெளிந்து வஸ்திரம் உடுத்தி உட்கார்ந்திருக்கிறான். ஊரார் வந்து பார்க்கிறார்கள். வேதம் சொல்வது, அவர்கள் 'பயந்தார்கள்' என்று. சந்தோஷப்படவில்லை. அவனை விட்டு நீங்கிய பிசாசுகள் புகுந்ததால் ஏறக்குறைய இரண்டாயிரம் பன்றிகள் கடலில் போய்விட்டன. எங்கள் எல்லையை விட்டுப் போய்விடும் என்று இயேசுவைக் கெஞ்சுகிறார்கள். அவர்களும் நம்பாதவர்கள் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள்.

---

ஏனெதற்கு எழுதியது:

எல்லோரும் ஒன்றை ஏற்றுக்கொண்டுதான் பேச ஆரம்பிக்கிறீர்கள்: நடந்தது கடவுளின் செயல் என்பதை. அந்தப் பெயரை வைப்பதே ஒரு பதில்தானே? முதலில் நிகழ்ச்சி நடக்கிறது, அது யார் செயல் என்பது பிறகு நாம் ஒட்டும் சீட்டு.

1755 நவம்பர் 1. போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பன். சகல பரிசுத்தவான்கள் திருநாள் ஆகையால் காலையில் கோயில்கள் நிறைந்திருந்தன. அப்போது பூகம்பம், பின்னாலேயே கடல் பொங்கியது, பிறகு நகரமே தீப்பிடித்தது. மெதடிஸ்ட் இயக்கத்தின் ஜான் வெஸ்லி அதே ஆண்டு ஒரு சிறு நூல் எழுதி, இதில் தேவனின் கையைப் பாருங்கள், மனந்திரும்புங்கள் என்றார். பிரெஞ்சு எழுத்தாளர் வால்தேர் அடுத்த ஆண்டு கவிதை வெளியிட்டு, எல்லாம் நன்மைக்கே என்ற தத்துவத்தைக் கிழித்தார். பின்னாளில் பெரிய தத்துவஞானியான, அப்போது இளைஞராக இருந்த இம்மானுவேல் கான்ட் 1756-ல் கட்டுரைகள் எழுதி, பூமிக்கு அடியில் என்ன நடந்தால் இப்படிக் குலுங்கும் என்று ஆராய்ந்தார்.

மூவருக்கும் செய்தி ஒன்றுதான். அவரவர் ஏற்கெனவே எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாரோ அந்தப் பக்கமே போனார். பத்துக் குஷ்டரோகிகளுக்கும் இதுதான் என் பதில். பதிலை நிகழ்ச்சியில் தேடாதீர்கள், அதற்கு முந்தைய வாழ்க்கையில் தேடுங்கள்.

---

மட்டுறுத்துநர் எழுதியது:

நல்ல இழை. மதத்தை ஒப்பிட்டுச் சண்டை போடாதவரை திறந்தே இருக்கும்.

---

மெழுகுவர்த்தி எழுதியது:

ஏனெதற்கு, பாதி சரி. சீட்டு ஒட்டுகிறோம் என்றால், எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்தபோது சண்டை வந்திருக்கக் கூடாதே? லாசரு விஷயத்தைப் பாருங்கள், யோவான் 11. இயேசு கூப்பிட்டதும் நான்கு நாள் ஆன பிணம் எழுந்து வருகிறது. பார்த்தவர்களில் அநேகர் விசுவாசித்தார்கள். சிலர் நேரே பரிசேயரிடம் போய்ச் சொன்னார்கள். ஆலோசனைச் சங்கம் கூடியது. அங்கே ஒருவரும் 'இது பொய்' என்று சொல்லவில்லை. இந்த மனுஷன் அநேக அற்புதங்களைச் செய்கிறானே, இப்படியே விட்டால் ரோமர் வந்து நம் இடத்தையும் ஜனத்தையும் அழித்துப்போடுவார்களே என்பதுதான் அவர்களுடைய பயம். அடுத்த அதிகாரத்தில் பிரதான ஆசாரியர் லாசருவையும் கொல்ல யோசிக்கிறார்கள். செத்துப் பிழைத்தவனை மறுபடி கொல்ல வேண்டுமாம்! சாட்சியை அழித்துவிட்டால் சரி என்ற கணக்கு. இதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

பரமதத்தன், பன்றிகளை இழந்த ஊராரான கதரேனர், இந்தச் சங்கம், மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அற்புதம் எவ்வளவு பெரியது என்பதை வைத்து யாரும் பதில் சொல்வதில்லை. இதை ஏற்றுக்கொண்டால் நாளைக்கு என்னிடமிருந்து என்ன போகும் என்பதை வைத்துத்தான் சொல்கிறார்கள். குடும்பம், பன்றிகள், பதவி. திரும்பி வந்தவனோ யூதர் ஒதுக்கிவைத்த சமாரிய இனத்தவன், அவனுக்கு இழக்க ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

---

பிறைவழி எழுதியது:

ஸலாம். குர்ஆனில் 89-வது அத்தியாயம் அல்ஃபஜ்ர், 15, 16 வசனங்கள் இந்த இழைக்கு மிக நெருக்கமானவை. இறைவன் மனிதனைச் சோதித்து, அருட்கொடைகள் தந்தால், 'என் இறைவன் என்னைக் கண்ணியப்படுத்தினான்' என்கிறான். வாழ்வாதாரத்தைக் குறைத்துச் சோதித்தால், 'என் இறைவன் என்னைச் சிறுமைப்படுத்தினான்' என்கிறான். அடுத்த வசனம் 'அப்படியல்ல' என்று தொடங்கி, நீங்கள் அநாதையைக் கண்ணியப்படுத்துவதில்லை, ஏழைக்கு உணவளிக்கத் தூண்டுவதில்லை என்று வேறு பக்கம் திரும்பிவிடுகிறது.

இதில் எனக்குப் பிடித்தது, கொடுத்ததும் சோதனை, குறைத்ததும் சோதனை என்பது. நாம் ஒன்றை அருள் என்றும் மற்றதைத் தண்டனை என்றும் படித்துக்கொள்கிறோம். பதிலாகக் கேட்கப்படுவது நாவின் நன்றி மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவனுக்கு என்ன செய்தாய் என்பதும்தான். சுகமான ஒன்பது பேரும் வீட்டுக்குப் போய் யாருக்கு என்ன செய்தார்கள் என்று நமக்குச் சொல்லப்படவில்லை அல்லவா?

---

பழஞ்சுவடி எழுதியது:

பிறைவழி சொன்னதற்குப் பக்கத்தில் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதி இரண்டாம் பாட்டை வைக்கலாம். 'இடர்களையா ரேனும் எமக்கிரங்கா ரேனும்' என்று தொடங்கும். துன்பத்தை நீக்காவிட்டாலும், இரங்காவிட்டாலும், போக வேண்டிய வழியைக் காட்டாவிட்டாலும் என் நெஞ்சு அவர்மேல் அன்பு நீங்காது. கனி கேட்டதும் கிடைத்தவர் பாடியது இது! கிடைத்ததைப் பற்றிப் பாடவில்லை, கிடைக்காவிட்டாலும் என்று பாடுகிறார்.

---

இரவுப்பறவை எழுதியது:

ரொம்ப நாளாக வாசிக்க மட்டுமே செய்கிறேன். இந்த இழை எழுத வைத்துவிட்டது.

என் தம்பியும் எங்கள் ஜெபக்குழுவில் இன்னொருவரும் ஒரே சமயத்தில் பெரிய வியாதியிலிருந்து பிழைத்தார்கள். மற்றவர் வாரந்தோறும் எழுந்து சாட்சி சொல்கிறார், கேட்கவே நன்றாக இருக்கும். என் தம்பி வாயே திறப்பதில்லை. கூட்டத்துக்கு வருவான், பின்னால் உட்காருவான், போய்விடுவான். தேவன் செய்த நன்மையை மறைக்கிறான் என்று நேரடியாகவே சிலர் சொல்லிவிட்டார்கள். குழுவை நடத்துகிறவர் போன வாரம் பேர் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னார். அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

அவன் நன்றி இல்லாதவன் இல்லை, எனக்குத் தெரியும். பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் பிழைக்கவில்லை. 'நான் எப்படிக்கா எழுந்து நின்று எனக்குத் தேவன் செய்தார் என்று சொல்வேன், அவருடைய மனைவி கேட்டுக்கொண்டிருந்தால்?' என்று ஒருநாள் ராத்திரி கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

---

கரையோரம் எழுதியது:

அக்கா, உங்கள் தம்பியின் கேள்வி இந்த இழையில் நாங்கள் எல்லோரும் எழுதியதைவிடப் பெரியது.

அப்போஸ்தலர் 12-ஐ எடுத்துப் பாருங்கள். இரண்டாம் வசனத்தில் ஏரோது ராஜா யாக்கோபைப் பட்டயத்தால் கொல்கிறான். சில வசனங்கள் தள்ளிப் பேதுருவைத் தூதன் சிறையிலிருந்து கூட்டிக்கொண்டு வருகிறான். ஒரே அதிகாரம், ஒரே சபை, இருவருமே இயேசுவின் நெருங்கிய சீஷர்கள். ஏன் இவர், ஏன் அவர் இல்லை என்று லூக்கா ஒரு வரி கூட எழுதவில்லை. பேதுரு வந்து கதவைத் தட்டும்போது ரோதை என்கிற பெண் சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடுகிறாள். அவருக்காக ஊக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தவர்களே 'நீ பிதற்றுகிறாய்' என்கிறார்கள். ஜெபத்துக்குப் பதில் வாசலில் நிற்கிறது, உள்ளே ஜெபிக்கிறவர்கள் நம்பவில்லை. யாக்கோபின் வீட்டார் அன்று ராத்திரி என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

சாட்சி சொல்வதைப் பற்றி ஒன்று. மாற்கு 5-ல் சுகமானவன் கூடவே வருகிறேன் என்று கெஞ்சுகிறான். இயேசு விடவில்லை, வீட்டுக்குப் போய் உன் இனத்தாருக்குச் சொல் என்கிறார். அதே மாற்கு முதல் அதிகாரத்தில் சுகமான குஷ்டரோகியிடம், ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாதே என்று கண்டிப்பாகச் சொல்கிறார். அவன் கேட்காமல் எங்கும் பரப்பிவிட்டான், அதனால் இயேசு வெளியரங்கமாய்ப் பட்டணத்துக்குள் போக முடியாமல் போயிற்று. ஒருவனுக்குப் பேசு, ஒருவனுக்குப் பேசாதே. எல்லோரும் எழுந்து நின்று பேச வேண்டும் என்ற சட்டம் எங்கிருந்து வந்ததோ!

---

மெழுகுவர்த்தி எழுதியது:

சாட்சி வேண்டாம் என்று ஆக்கிவிடாதீர்கள். எத்தனையோ பேர் ஒருவருடைய சாட்சியைக் கேட்டுத்தான் தைரியம் அடைகிறார்கள். ஆனால் பேர் சொல்லி எழுப்பியது தவறு, அதில் இரண்டு பேச்சில்லை.

---

ஏனெதற்கு எழுதியது:

இஸ்ரவேலரைப் போகவிடாத எகிப்து அரசன் பார்வோனைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவன் இருதயத்தைக் கர்த்தரே கடினப்படுத்தினார் என்று எழுதியிருக்கிறதே. அப்படியானால் பதில் மனிதனுடையதா?

---

கரையோரம் எழுதியது:

யாத்திராகமம் 8-ல் அவனே தன் இருதயத்தைக் கடினப்படுத்தினான் என்று இருமுறை வருகிறது. 9:12-ல் கர்த்தர் கடினப்படுத்தினார் என்று வருகிறது. நூற்றாண்டுக்கணக்கில் பெரியவர்கள் சண்டை போட்ட இடம், இங்கே தீராது. எனக்கு அதைவிடப் பிடித்தது 9:20, 21. கல்மழை வரும் என்ற எச்சரிப்பைக் கேட்டு, பார்வோனின் ஊழியக்காரரிலேயே சிலர் தங்கள் வேலைக்காரரையும் மிருகங்களையும் வீட்டுக்குள் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். மற்றவர்கள் வெளியிலேயே விட்டார்கள். அரண்மனை முழுக்க ஒரே இருதயம் இல்லை.

---

நடுவழி எழுதியது:

இரவுப்பறவைக்கு, உங்கள் தம்பியைப் பற்றிப் படித்ததும் 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நண்பர்களாக இருந்த இருவர் எனக்கு நினைவுக்கு வந்தார்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதிய ஜான் நியூட்டன் பெயரைப் பெரும்பாலோர் கேட்டிருப்பீர்கள். 1748 மார்ச்சில் அட்லாண்டிக் கடலில் புயலில் சிக்கி, கப்பல் மூழ்கும் நிலையில் தேவனைக் கூப்பிட்டுப் பிழைத்தவர். அந்த நாளை வாழ்நாள் முழுவதும் நினைவுகூர்ந்தார். மேடைகளில் இதோடு நிறுத்திவிடுவார்கள். மீதிக் கதை, அதன் பிறகும் அவர் அடிமைக் கப்பல்களில் போனார், தலைவனாகவே போனார். 1754-ல் கடலை விட்டது உடல்நலம் கெட்டதால். அடிமை வியாபாரத்துக்கு எதிராகத் தன் சிறுநூலை வெளியிட்டது 1788-ல். புயலுக்கும் அந்த நூலுக்கும் நடுவில் 40 ஆண்டுகள்! 1749-ல் யாராவது அவரை எழுப்பிச் சாட்சி சொல்லச் சொல்லியிருந்தால் கண்ணீரோடு நன்றாகத்தான் பேசியிருப்பார், கப்பலில் சங்கிலி அப்படியே கிடந்திருக்கும்.

அவருடைய நண்பர் வில்லியம் கூப்பர், கவிஞர். இருவரும் ஓல்னி என்ற ஊரில் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தார்கள். 1779-ல் வெளியான ஓல்னி பாடல் தொகுப்பில் பெரும்பகுதி நியூட்டன் எழுதியது, அறுபதுக்கும் மேற்பட்டவை கூப்பர் எழுதியவை. ஒரே ஊழியம், ஒரே ஜெபம். ஆனால் கூப்பருக்கு 1773-ல் மனம் உடைந்தது. தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்ற எண்ணம் 1800-ல் இறக்கும்வரை அவரை முழுதாக விடவில்லை. சாவதற்கு முந்தைய ஆண்டு அவர் எழுதிய கவிதை, புயலில் கப்பலிலிருந்து கடலில் விழுந்து, யாரும் காப்பாற்ற முடியாமல் மூழ்கிப்போன மாலுமியைப் பற்றியது. அவனைவிட ஆழமான கடலில் நான் மூழ்கினேன் என்று முடிக்கிறார்.

ஒருவர் புயலில் பிழைத்தவர், இன்னொருவர் புயலில் மூழ்கியவனைத் தன் உருவமாகப் பார்த்தவர். கூப்பருக்கு நன்றி இல்லை என்று யார் சொல்வது? சபைகள் இன்றும் பாடும் பாட்டுகளை எழுதிய மனிதர் அவர். அது மன நோய் என்று இன்று சொல்வோம். அப்போதும் நியூட்டன் அதை அவிசுவாசம் என்று ஒதுக்கிவிடவில்லை. 1773-ல் கூப்பர் உடைந்தபோது தன் வீட்டிலேயே ஓராண்டுக்கும் மேலாக வைத்திருந்தார். மேரி அன்வின் என்ற அம்மாளும் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்.

---

இரவுப்பறவை எழுதியது:

இதைத் தம்பிக்குக் காட்டலாமா என்று யோசிக்கிறேன். கூப்பர் பகுதி அவனை இன்னும் உள்ளே இழுத்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

---

நடுவழி எழுதியது:

இப்போது வேண்டாம். இரவில் தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறானா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், அதை ஜெபத்துக்கு எதிரியாக நினைக்க வேண்டாம். பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவியைப் பற்றி அவனே பேச்செடுத்தால், அவரைப் போய்ப் பார்த்து வரலாமா என்று கேளுங்கள். பிறைவழி மேலே எழுதியதுபோல, அவனுடைய பதில் அந்தப் பக்கமாகக்கூட இருக்கலாம்.

அப்புறம் குழுவை நடத்துகிறவரிடம் நீங்கள் தனியாகப் பேசுங்கள். இனி அவன் பேரைக் கூப்பிட வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதும்.

---

இரவுப்பறவை எழுதியது:

சரி. அவர் நல்ல மனிதர்தான், சொன்னால் கேட்பார். அடுத்த கூட்டத்துக்கு முன்னாலேயே பேசிவிடுகிறேன்.